மண்ணுக்கும் கணக்கு, வெயிலுக்கும் கணக்கு



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். குழுக் கூட்டத்துல பேசியிருக்கேன், மேடையில பேசினது கிடையாது. தப்பு வந்தா பொறுத்துக்கணும். கரண்டுக் கம்பம் வராத கொல்லையில மண் கல்லால வீடு கட்டி மூணு வருஷமா குடியிருக்கோம். அது எப்படின்னு சொல்லச் சொன்னாங்க. நல்லா நடந்ததை மட்டும் சொன்னா உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. தப்பா போனதையும் சேர்த்தே சொல்றேன்.

கல்யாணம் ஆகி வந்தப்ப எங்க வீடு கூரை வீடு. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடிச்சுது. விழுப்புரம், கடலூர் பக்கம் இருக்குற யாரும் அதை மறக்க முடியாது. அன்னைக்கு எங்க கூரை பறந்து பக்கத்து முந்திரித் தோப்புல கிடந்தது. கைக்குழந்தையைத் தார்ப்பாயில சுத்தி வெச்சுக்கிட்டு விடியுற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சிமெண்டு ஷீட்டு போட்டோம். மழைக்கு ஒழுகலை, ஆனா சித்திரை வெயில்ல உள்ள இருக்க முடியாது. மத்தியானம் புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வேப்ப மரத்தடிக்குப் போயிடுவோம்.

2020ல பாகம் பிரிச்சாங்க. அந்த வீடு கொழுந்தனாருக்குப் போச்சு. எங்களுக்கு ஊர்ல இருந்து அரை கிலோமீட்டர் தள்ளி இருக்குற கொல்லை வந்தது. செம்மண் பூமி, ஒரு கிணறு, அவ்வளவுதான். அங்க வீட்டுக்கு லைன் இழுக்கக் கம்பம் நட ஆகுற செலவைக் கேட்டதும் என் வீட்டுக்காரர், "அந்தக் காசுல பாதி வீடே கட்டிடலாம்"னு சொன்னார். அப்பதான் எனக்கு ஒரு நினைப்பு வந்தது.

அதுக்கு முந்தி எங்க குழுவுல ஆரோவில்லுக்குக் களப் பயணம் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. அங்க விசிட்டர் சென்டர் கட்டடம் முழுக்க அமுக்கின மண் கல்லால கட்டினது. சூளையில வெச்சு சுடாத கல். மண்ணோட கொஞ்சம் சிமெண்டு கலந்து, மெஷின்ல போட்டுக் கையால அழுத்தி எடுக்குறாங்க. விறகு வேண்டாம், புகை கிடையாது. நம்ம கொல்லை மண்ணுலயே இது ஆகுமேன்னு அன்னைக்கே மனசுல போட்டு வெச்சிருந்தேன்.

வீட்டுல சொன்னதும் மாமியார் அழுதுட்டாங்க. "ஏம்மா, ஊரே மச்சு வீடு கட்டுது. நீ மறுபடியும் மண்ணு வீட்டுக்குள்ளயே போறியா? நாளைக்கு நம்ம பொண்ணைப் பாக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டதுல நியாயம் இருக்கு. காலமெல்லாம் மண் சுவத்தை மெழுகி மெழுகி ஓய்ஞ்சவங்க. மண் வீடுன்னா வறுமைன்னுதான் நமக்குப் பழக்கம். அவங்களுக்குப் பதில் சொல்ல அப்ப என்கிட்ட எதுவும் இல்லை.

2021 தை மாசம் குழுவுல ஒரு லட்சம் கடன் வாங்கினேன். மெஷினை வாடகைக்கு எடுத்தேன். கொல்லை மண்ணை வெட்டக் கூலி ஆகுமேன்னு, ஏரி வண்டல் மண் ரெண்டு டிராக்டர் சும்மா கிடைச்சதும் அதைக் கொண்டாந்து கொட்டிட்டேன். யாரையும் கேட்கலை. 600 கல் அழுத்தி அடுக்கினோம். பத்து நாள்ல பாத்தா கல்லுக்குக் கல் வெடிப்பு. தூக்கினா கையோட உடையுது. சிமெண்டு, கூலி, வாடகை எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் போச்சு. அந்த ராத்திரி நான் சாப்பிடலை. பணம் போனதைவிட, குழுவுல போய் என்னன்னு சொல்றதுங்குற பயம்தான் பெருசா இருந்தது. அது 15 பேரோட சேமிப்பு.

மறைக்கலாமான்னு கூட தோணுச்சு. ஆனா கூட்டத்துக்குப் போறப்ப உடைஞ்ச கல் ரெண்டைப் பையில போட்டுக்கிட்டுப் போய் நடுவுல வெச்சுட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. ரெண்டு பேர் கோபமாத்தான் கேட்டாங்க. "உன் ஆசைக்கு எங்க காசா?"ன்னு ஒரு அக்கா கேட்டது இன்னைக்கும் காதுல இருக்கு. கடைசியில எங்க ஊக்குநர் ஒரு தீர்மானம் எழுதினாங்க. மண்ணைச் சோதிச்சுப் பாக்காம ஒரு கல்லும் போடக் கூடாது, வாரா வாரம் செலவுக் கணக்கைக் கூட்டத்துல காட்டணும், உறுப்பினர் மூணு பேர் நேர்ல வந்து பாக்கணும். இந்த மூணுக்கும் நான் கையெழுத்துப் போட்டேன். கோபமா கேட்ட அக்காதான் பாக்க வந்த மூணு பேர்ல ஒருத்தர்.

மண் சோதனை பெரிய வித்தை இல்லை. வாய் அகலமான கண்ணாடி பாட்டில்ல பாதிக்கு மண், மீதிக்குத் தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு. நல்லா குலுக்கி ஒரு நாள் அசைக்காம வெச்சிடணும். அடியில கல்லும் மணலும் தங்கும், அதுக்கு மேல வண்டல், எல்லாத்துக்கும் மேல களி. கல்லும் மணலும் பாதிக்கு மேல இருக்கணும், களி அஞ்சுல ஒரு பங்கு இருந்தா நல்லது. எங்க ஏரி மண்ணு பாட்டில்ல பாதி களியாவே நின்னுது. களி காய்ஞ்சா சுருங்கும், கல் வெடிக்கும். கரிசல் மண்ணுக்கும் இதே கதைதான். எங்க கொல்லைச் செம்மண்ணை மேல் மண் ஒரு அடி தள்ளிட்டு வெட்டிப் பாத்தா சரியா இருந்தது. காலடியில இருந்ததை விட்டுட்டு ஏரிக்குப் போயிருக்கேன்!

நூறு பங்கு மண்ணுக்கு அஞ்சு பங்கு சிமெண்டு. ஒன்பதரை அங்குல சதுரக் கல், மூணரை அங்குல உயரம். ஒரு மூட்டை சிமெண்டுக்குச் சுமார் 100 கல் வரும். 400 சதுர அடி வீட்டுக்கு 3,000 கல் ஆச்சு. வெட்டின குழியை வீணாக்கலை, அதுதான் மழைநீர்த் தொட்டி. கல்லை அடுக்கி நாலு வாரம் ஈரம் காயாம பாத்துக்கணும். இதுல தவறினா கல்லுக்கு பலம் வராது. காலையில எழுந்து நான் போறதுக்கு முந்தியே கல் எல்லாம் நனைஞ்சு கிடக்கும். யாருன்னு பாத்தா என் மாமியார். பேச்சு வார்த்தை இல்லை, ஆனா குடத்தோட நின்னாங்க.

பேஸ்மட்டம் கருங்கல்லுல ரெண்டு அடி தூக்கினோம். மண் கல்லுக்கு எதிரி தண்ணிதான். கீழே இருந்து ஈரம் ஏறக் கூடாது, மேலே இருந்து சாரல் அடிக்கக் கூடாது. அதனால தளத்தைச் சுவரைத் தாண்டி ரெண்டு அடி வெளியே நீட்டினோம். தளத்துல கான்கிரீட்டுக்கு நடுவுல பழைய மங்களூர் ஓடு வெச்சுப் போட்டோம். இதை நம்ம நாட்டுல பரப்பினவர் லாரி பேக்கர். 1917ல இங்கிலாந்துல பிறந்து, கேரளாவுலயே தங்கி, ஏழைங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்து 2007ல இறந்தவர். தளத்தோட அடிப்பக்கத்துல கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை, அந்த இடத்துல ஓட்டை வெச்சா சிமெண்டு மிச்சம், சூடும் குறையும். கம்பி கட்டத் தெரிஞ்ச மேஸ்திரியை வெச்சுத்தான் செய்யணும். இதுல மட்டும் நாமளா முயற்சி பண்ணக் கூடாது.

அடுத்தது கரண்ட். இங்கயும் கணக்கு போட்டுட்டுத்தான் கடைக்குப் போனேன். 9 வாட் பல்பு நாலு, அஞ்சு மணி நேரம் எரிஞ்சா 180. சாதா ஃபேன் 75 வாட் இழுக்கும், புது மாதிரி பிஎல்டிசி ஃபேன் 30 வாட்தான். அது ரெண்டு, பத்து மணி நேரத்துக்கு 600. சின்ன டிவி மூணு மணி நேரம் 90. போன் சார்ஜ் 30. ஆக மொத்தம் ஒரு நாளைக்கு 900. இதுக்கு 100 வாட் பேனல் நாலு போட்டோம். நல்ல வெயில்ல 1,600 வரைக்கும் வரும். 150 ஆம்பியர் பேட்டரி ரெண்டு. அதுல இருக்குறதுல பாதியைத்தான் எடுக்கணும், ஒட்ட உறிஞ்சினா சீக்கிரம் செத்துடும். அந்தப் பாதியே வெயில் இல்லாத ரெண்டு நாளைக்குத் தாங்கும். மிக்சி மத்தியானம் மட்டும்தான். ஃபிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், கிரைண்டர் எங்க வீட்டுல கிடையாது. மாவு ஆட்டுக்கல்லுலதான். பையனுக்கு ஐஸ் தண்ணி இல்லைன்னு குறை உண்டு.

பேட்டரி ஒரு நாள் கெட்டுப் போகும். அதை நினைக்காம வாங்கினவங்க வீட்டுல பேனல் சும்மா வெயில் காயுது. நான் மாசம் 500 ரூபாய் தனியா சேமிக்கிறேன். அஞ்சு வருஷத்துல 30,000 ஆகும். கரண்ட் பில் கட்டுற மாதிரி நினைச்சுக்கிறேன்.

தண்ணிக்கு வர்றேன். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர். எங்க தளம் 37 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் பெஞ்சாலே 370 லிட்டர். முதல் மழைத் தண்ணியை வெளியே விட்டுட்டு, மீதியை மணல், கரி, ஜல்லி வழியா வடிகட்டித் தொட்டிக்கு விடுறோம். தொட்டி 10,000 லிட்டர். குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 50 லிட்டர்னா 200 நாளைக்கு வரும். குளிக்க, துவைக்க, மாட்டுக்கு எல்லாம் கிணத்துத் தண்ணி.

ரெண்டு மாடும் ஒரு கன்னுக்குட்டியும் இருக்கு. தினம் 25 கிலோ சாணிக்கு ஒரு கன மீட்டர் எரிவாயு. ஒரு அடுப்பு ரெண்டு மணி நேரம் எரியும். சாணி குறையுற நாளைக்கு சிலிண்டர் வெச்சிருக்கேன், அது நாலு மாசம் வருது. கக்கூசுக்கு ரெண்டு குழி. ஒண்ணு நிறைஞ்சா அடைச்சுட்டு இன்னொண்ணுக்கு மாத்திடணும். ரெண்டு வருஷம் கழிச்சுத் திறந்தா வாடையில்லாத எருவா இருக்கும். குழி கிணத்துக்குப் பக்கத்துல மட்டும் வரக் கூடாது.

2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை. எனக்குப் பழைய ராத்திரி ஞாபகம் வந்து கை நடுங்குச்சு. முந்தின நாளே நானும் அவரும் பேனல் நாலையும் கழட்டி உள்ள வெச்சுட்டோம். ஃபேன், டிவி நிறுத்திட்டோம். பல்பு ரெண்டு மட்டும். ஊருக்குள்ள நாலு நாள் கரண்ட் இல்லை. கொழுந்தனார் குடும்பம் எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. தினம் பத்துப் பேர் போனை எடுத்துக்கிட்டு சார்ஜ் போட வந்தாங்க. அதுக்கும் பேட்டரி தாங்குச்சு.

வீட்டுக்கு ஒண்ணுமே ஆகலைன்னு சொன்னா பொய். சமையக்கட்டுப் பக்கம் காசு மிச்சம் பிடிக்க நான் தளத்தை நீட்டாம விட்டிருந்தேன். அந்தப் பக்கம் கீழ் வரிசைக் கல் ரெண்டு விரல் ஆழத்துக்கு அரிச்சுப் போச்சு. அப்புறம் பூசி, மேலே ஓடு இறக்கினேன். மிச்சம் பிடிச்ச காசைவிட அதிகமாவே செலவாச்சு. மத்த மூணு பக்கமும் ஒரு கல் அசையலை.

மூணாவது நாள் நிவாரணக் கணக்கு எடுக்க வந்தவங்க, "இது என்னம்மா, மண்ணுலயா கட்டியிருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்குறதுக்கு முந்தி என் மாமியார், "மூவாயிரம் கல்லு. ஒவ்வொண்ணுக்கும் நான் தண்ணி ஊத்தியிருக்கேன்"னு சொன்னாங்க. அதுக்கு மேல அவங்க ஒண்ணும் சொல்லலை, உள்ள போய் டீ போட்டாங்க.

இதைக் கேட்டுட்டு ஊருக்குள்ள இருக்குறவங்க லைனைத் துண்டிச்சுட்டு வர வேண்டாம். உங்களுக்குக் கொஞ்சம் யூனிட் இலவசமா வருது, அது நல்ல வசதி. எங்களை மாதிரி கம்பம் எட்டாத இடத்துல இருக்குறவங்களுக்குத்தான் பேட்டரி. ஆனா மண்ணும் மழையும் எல்லாருக்கும் பொது. கட்டுறதுக்கு முந்தி மண்ணை பாட்டில்ல போட்டுப் பாருங்க. வாங்குறதுக்கு முந்தி வாட்டைக் கூட்டிப் பாருங்க. தப்பு நடந்தா உடைஞ்ச கல்லைக் குழு நடுவுல கொண்டு வந்து வைங்க. வரவு செலவு எழுதி எழுதி நமக்குக் கணக்கு நல்லாவே தெரியும். அதை வீடு கட்டவும் வெச்சுக்கலாம்னு நான் கத்துக்கிட்டேன்.

ரெண்டு கடனும் போன ஆடி மாசத்தோட முடிஞ்சுது. ஒரு தவணையும் தவறலை. அந்தச் செலவு நோட்டு என்கிட்ட இருக்கு. கட்டணும்னு நினைக்கிறவங்க கேட்டா தர்றேன். 14,000 ரூபாய் போன பக்கத்தையும் நான் கிழிக்கலை.