சித்திரமும் வர்ணமும்

(எமது சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



மிஷன் பாடசாலையிற் படித்த காலத்தில் ஒரு மயக்கம் எம்மை நெடுநாள் வருத்தியது. விஞ்ஞான ஆசிரியர் ஏழு நிறந் தீட்டிய தட்டொன்றைச் சுழற்றி, நிறங்களெல்லாம் கூடினால் வெண்மை என்பார். அடுத்த பாடம் சித்திரம். அங்கே பெட்டியிலுள்ள வர்ணங்களையெல்லாம் ஒன்றாகக் குழைத்தால் வருவதோ குளத்துச் சேறு! இருவரில் எவர் சொல்வது மெய் என்று கேட்கும் துணிவு அன்று எமக்கிருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தத் தட்டுங்கூடச் சாம்பலாகவே தெரிந்தது. ஆசிரியர் வெண்மை என்றமையால் நாமும் வெண்மை என்றே எழுதி வைத்தோம்.

வெள்ளொளியை அரியத்தினூடே செலுத்தி நிறங்களாகப் பிரித்துக் காட்டிய நியூற்றன், 1704இல் வெளியிட்ட நூலில் அந்நிறங்களை ஒரு வட்டமாக அமைத்தார். ஜெர்மானிய மகாகவி கதே 1810இல் பெரிய நூலொன்றெழுதி அதனை மறுத்தார். நிறம் வெளியே மட்டும் நிகழ்வதன்று, காண்பான் கண்ணிலும் நிகழ்வது என்பது அவர் கட்சி. பௌதிகத்திலே அவர் தோற்றார். கண்ணைப் பற்றிச் சொன்னவற்றிலே பல நிலைத்தன. எமது பாடசாலை வழக்கைத் தீர்த்தவர் ஹெல்ம்ஹோல்ற்ஸ் என்னும் விஞ்ஞானி. ஒளியோடு ஒளி சேர்வது கூட்டல். வர்ணப்பொடியோடு பொடி சேர்வது கழித்தல் என்பதை 1852இல் அவர் விளக்கினார். மஞ்சட் பொடி நீல ஒளியை விழுங்கும். நீலப் பொடி செவ்வொளியை விழுங்கும். இரண்டும் விழுங்காது விட்ட மிச்சமே பச்சை. எல்லாப் பொடியுஞ் சேர்ந்தால் மிச்சம் ஏது? ஆசிரியர் இருவரும் சரியே!

ஆனால் ஓவியனுக்கு வர்ணம் என்பது முதலிற் கடைச்சரக்கு. சிகிரியாக் குன்றின் மாதர்களைப் பார்த்தவர்கள் நினைத்துப் பாருங்கள்: சிவப்பும் மஞ்சளும் பச்சையும் உண்டு, நீலத்தைக் காணோம். ஏறக்குறைய அதே காலத்து அஜந்தாவிலே நீலம் உண்டு. அது ஆப்கானிஸ்தானத்துப் படக்சான் மலைகளில் வெட்டியெடுத்த கல்லின் பொடி. ஐரோப்பாவில் அது பொன்னுக்கு நிகராக விலை போயிற்று. 1824இலே பிரான்சில், செயற்கை முறையால் அந்நீலத்தைச் செய்வோருக்கு 6000 பிராங்கு பரிசென்று அறிவித்தார்கள். 1828இல் கிமே என்பவர் அதனைப் பெற்றார். ஏழை ஓவியனுக்கும் அந்நீலம் எட்டியது அதன் பின்னரே.

அதே 1824இல் பாரிஸ் நகரத்துக் கொப்லான் நெசவாலையிற் சாயப்பகுதிக்குத் தலைவராக வந்தவர் செவ்ரல் என்னும் இரசாயன அறிஞர். நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழல் காட்ட நெய்யும் கறுப்பு நூல் வலுவற்றுத் தெரிகிறது என்பது அவரிடம் வந்த முறைப்பாடு. சாயத்தைப் பரிசோதித்தார், குற்றமில்லை. அந்நூலைத் தனியே வைத்தால் நல்ல கறுப்பு, நீலத்தின் அருகில் வைத்தால் மங்கற் கறுப்பு! குற்றம் நூலிலன்று, அயலிலிருந்தது. அடுத்தடுத்திருக்கும் இரு நிறங்கள் ஒன்றையொன்று மாற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் எதிர்நிறத்தின் சாயலை மற்றதன்மேல் ஏற்றுகிறது. வீட்டிலே செம்பட்டின்மேற் சாம்பற் காகிதத் துண்டொன்றை வைத்துப் பாருங்கள். காகிதம் சிறிது பச்சையாகத் தோன்றும். 1839இல் அவர் இவற்றையெல்லாம் நூலாக்கினார். சாயக்காரரின் சச்சரவொன்றிலிருந்து ஓவியக்கலைக்கு ஒரு சாத்திரம் பிறந்தது. (அவர் 102 வயதுவரை வாழ்ந்தார் என்பதும் பெரியோர்கள் மகிழத்தக்க செய்தி.)

அச்சாத்திரத்தை வேதம்போற் பற்றிக்கொண்ட இளைஞர் ஜோர்ஜ் சூரா. வர்ணங்களைத் தட்டிற் குழையாமற் சிறு சிறு புள்ளிகளாகத் துணியில் இட்டால், பார்ப்பவன் கண்ணே அவற்றைச் சேர்த்துக்கொள்ளும், ஒளியும் குன்றாது என்று நம்பினார். 'கிராண்ட் ஜாத்' தீவின் ஞாயிறு மாலையை, இரண்டு மீற்றருக்கு மூன்று மீற்றர் அளவான துணியில், 1884 முதல் 1886 வரை உழைத்துத் தீட்டினார். அவர் எதிர்பார்த்த அளவு ஒளி புள்ளிகளாற் கிடைக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். தூரத்திலே புள்ளிகள் கூடுவதில்லை, சராசரியாகின்றன. நமது பாடசாலைத் தட்டின் சாம்பலும் அதுவே.

அதனினும் பெரிய இடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. வெயிற்பட்ட புல்லுக்கென அவர் நம்பி வாங்கிய புது வர்ணமான நாகமஞ்சள், சில ஆண்டுகளுக்குள்ளேயே பழுப்பாகத் தொடங்கிற்று. 1891இல், 31 வயதில், அவர் காலமானார். அடுத்த ஆண்டே அவர் நண்பரான விமர்சகர் பெனெயோன், படத்தின் ஒளி போய்விட்டதென்று எழுதினார். நிறங்கள் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்ளும் என்று இரவுபகலாய்ப் படித்தவர், அவை காலத்தோடு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அறியவில்லை.

அப்படம் இன்று சிக்காகோவில் இருக்கிறது. 2004இல் அங்கு நடந்த கண்காட்சியிலே, மஞ்சள் மாறுமுன் அது எப்படி இருந்திருக்கும் என்பதைக் கணினியாற் கணித்து ஒரு படியாகக் காட்டினார்கள். அசலை எவரும் தொடவில்லை. அதன் புல்வெளியில் பழுப்புப் புள்ளிகள், அவர் வைத்த இடங்களிலேயே இருக்கின்றன.