ஜோடிச் சக்கரம் பாரத்திற்கு, நான்கு சக்கர இயக்கம் பிடிப்பிற்கு
(ராயகிரியில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



ராயகிரியிலிருந்து புளியங்குடிச் சந்தைக்கு எலுமிச்சை மூட்டை ஏற்றவும், தோப்பிலிருந்து தேங்காய் இறக்கவும் பழைய ஜீப் வகைப் பிக்கப் வண்டிகளை வாங்க உங்களில் பலர் எண்ணுவீர்கள். நான்கு சக்கர இயக்கமுள்ள அத்தகைய பழைய வண்டிக்குப் பின்னால் ஜோடி டயர் இருந்தால், அது தொழிற்சாலையிலேயே பொருத்தியதா, பட்டறையில் பின்னர் மாட்டியதா? இதை அறியாமல் பணம் கொடுக்கலாகாது.

தொழிற்சாலையிலேயே அவ்வாறு வந்த வண்டிகள் உண்டு. அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட எஃப்.சி.170 என்ற நான்கு சக்கர இயக்க வண்டி, பின்னர் ஜோடிச் சக்கரத்துடனும் விற்கப்பட்டது. செவ்ரோலே கே30 வண்டியிலும் 1977 முதல் இவ்வசதி கிடைத்தது. ஆனால் எஃப்.சி.150 என்ற சிறிய வகையில் பின்புறம் பக்கத்திற்கு ஒரு சக்கரமே. நம் நாட்டில் 1960-களில் மகிந்திரா நிறுவனம் தயாரித்தது இச்சிறிய வகையைத்தான். 1986-இல் வந்த டாடா 407 வண்டியின் ஜோடிச் சக்கரம் நமக்கு நன்கு பழக்கமானது. அது பாரத்திற்கென்றே அமைந்த வண்டி.

ஜோடிச் சக்கரம் பாரம் தாங்குவதற்கு. நான்கு சக்கர இயக்கம் சேற்றிலும் மணலிலும் பிடித்து இழுப்பதற்கு. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. சேற்றில் முன்சக்கரம் போட்ட தடத்திலேயே ஒற்றைப் பின்சக்கரம் உருளும். ஜோடியில் ஒரு டயராவது புதுத் தடம் வெட்ட வேண்டியிருப்பதால் இழுவை கூடும். மலையடிவாரப் பாதையில் இரு டயர்களுக்கு இடையே கல் சிக்கிப் பக்கவாட்டை அறுக்கும்.

டயரை இரட்டித்தால் பாரமும் இரட்டிக்கலாம் என்று எண்ண வேண்டாம். அச்சு, பேரிங், ஸ்பிரிங் பட்டை, பிரேக் ஆகியவை பழையனவே. வெளியே தள்ளி மாட்டிய சக்கரம் பேரிங்கை மேலும் வருத்தும். இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் இழப்பது சரக்கை மட்டுமன்று.

வாங்குமுன் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்:

1. ஆர்.சி.யில் டயர்களின் எண்ணிக்கை, அளவு, மொத்த எடை ஆகியவற்றை வண்டியுடன் ஒப்பிடுங்கள். அனுமதியின்றி மாற்றியமைப்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு மாறானது. விபத்தின்போது காப்பீட்டிலும் சிக்கல் வரும்.

2. பின் ரிம்மிற்கும் அச்சிற்கும் இடையே தனியாக இரும்புத் துண்டு வைத்து நீட்டியிருந்தால், அது பட்டறை வேலை.

3. ஜோடியிலுள்ள இரு டயர்களும் ஒரே சுற்றளவும் ஒரே காற்றழுத்தமும் உடையனவாக இருத்தல் வேண்டும். இல்லையேல் ஒன்றே மிகுதியான பாரத்தைச் சுமக்கும்.

4. முன் டயரும் பின் டயரும் ஒரே சுற்றளவாக இருக்கட்டும். தார்ச்சாலையில் முன் இயக்கத்தை விடுவித்து ஓட்டுங்கள்.

நிலத்தையும் மறவாதீர்கள். அகலமான தடத்தால் மேல்மண் ஓரளவு தப்பும். ஆனால் அடிமண் இறுகுவது அச்சின் மொத்தப் பாரத்தைப் பொறுத்தது. அதை எத்தனை டயரும் தடுக்காது. அடிமண் இறுகினால் வேரும் நீரும் கீழிறங்கா. ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் உருட்டுங்கள். திரியாகத் திரண்டால் அன்று வண்டியை உள்ளே விட வேண்டாம். வரப்போரம் நிறுத்தி, சரக்கைச் சுமந்து வந்து ஏற்றுங்கள்.

பாரம் மிகுதியாயின், தொழிற்சாலையில் ஜோடிச் சக்கரத்துடன் வந்த வண்டியை வாங்குங்கள். பாதை மோசமாயின், ஒற்றைச் சக்கர நான்கு சக்கர இயக்க வண்டியில் அளவாக ஏற்றி இருமுறை செல்லுங்கள். இரண்டாவது நடைக்கு ஆகும் டீசல், முறிந்த அச்சின் விலையைவிடக் குறைவே.