பெல்ட்டில் விழும் புதுத் துளை



தலை, கழுத்துப் புற்றுநோய் பற்றிய கருத்தரங்கைத் திண்டுக்கல்லில் கூட்டக் காரணம் தேட வேண்டியதில்லை. பூட்டுக்கும் பிரியாணிக்கும் பெயர்போன இந்த ஊர், சுருட்டாலும் கடல் கடந்து பெயர் வாங்கியது. வேடசந்தூரில் 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. சுற்றுவட்டாரத்து உப்புக் கிணற்றுத் தண்ணீரில் விளையும் மெல்லும் புகையிலைக்குத் தனி மவுசு. அதைக் கடைவாயில் அதக்கிக்கொண்டே களை பறித்தவர்கள் உண்டு. அப்படியே தூங்கிப்போனவர்களும் உண்டு. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. தாம்பூலத் தட்டு அந்தச் செய்தியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இது நோய் வரும் கதை. வந்தபின் பிழைப்பவர் யார் என்பது வேறு கதை. அங்கே கட்டியின் அளவும் கழுத்தில் கட்டிய நெறியும் மட்டுமல்ல, நோயாளியின் சர்க்கரையும் சதையும்கூடச் சாட்சி சொல்கின்றன.

2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு; ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். கட்டுக்கடங்காத சர்க்கரையோடு அறுவை மேசைக்கு வருபவருக்குப் புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும். புற்றுக்கு ஏற்றும் சிஸ்பிளாட்டின் மருந்து சிறுநீரகத்தைச் சோதிப்பது. நீரிழிவு ஏற்கெனவே அதை அரித்திருக்கலாம். போதாததற்கு, வாந்தியைத் தடுக்கப் போடும் ஸ்டீராய்டு ஊசியே சர்க்கரையை ஏற்றிவிடும்.

அடுத்து, கரண்ட். நோயாளிகள் கதிர்வீச்சுக்கு வைத்த பெயர் அதுதான். 33 முதல் 35 தடவை, ஏறத்தாழ ஏழு வாரம். பாதி வழியிலேயே வாய் வெந்து, எச்சில் வற்றி, ஒரு மடக்குக் கஞ்சியும் முள்ளாகக் குத்தும். வேட்டிக்கு மேல் கட்டிய பெல்ட்டில் புதுத் துளை விழும். "சுகர் தானா இறங்கிருச்சுங்க" என்று வீட்டார் மகிழ்வார்கள். மகிழ்ச்சிக்கு இடமே இல்லை. சாப்பாடு குறைந்ததால் இறங்கிய சர்க்கரை அது. கூடவே தசையும் கரைந்திருக்கும். புண் ஆறாது என்று முட்டையையும் மீனையும் நிறுத்திவிடும் வீடுகளில் இந்தக் கரைவு இன்னும் வேகம்.

சிகிச்சை தொடங்கும்போது சற்றுக் கனத்த உடம்போடு இருந்தவர்கள் மெலிந்தவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்ததாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால் கொழுப்பு காக்கிறது என்று முடிவுகட்டுவது அவசரம். மெலிந்தவர்களில் பலர் நோயாலேயே முன்கூட்டி இளைத்தவர்கள், கடுமையாகப் புகைத்தவர்கள். தவிர, முன்னே தொந்தியும் குச்சிக் கை கால்களும் கொண்ட நம்மூர் உடம்பை எடை இயந்திரம் எப்படிப் படிக்கும்? சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை புற்றையும் அடக்கும் என்று பெரிய நம்பிக்கை எழுந்தது. சர்க்கரை இல்லாதவருக்குப் புற்று மருந்தாக அதைக் கொடுக்க இன்னும் உறுதியான சான்று இல்லை.

எடை இயந்திரம் காட்டாத தசையை அளக்கச் செலவில்லாத ஒரு வழி கையிலேயே இருக்கிறது. கட்டியைப் பார்க்க எடுத்த சி.டி. படத்திலேயே, மூன்றாம் கழுத்தெலும்பு மட்டத்தில் தசையின் பரப்பும் பதிந்திருக்கிறது. அளந்து பார்த்தால் போதும். முதல் அமர்வு அந்தப் படத்தை விரித்துவைத்துத் தொடங்குகிறது.