மூச்சின் விலை

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது உபயோகமாப் பேசுப்பா" என்றார் செயலாளர் அண்ணன். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, சோறு போடும் இன்ஸ்ட்ருமென்டேஷன். ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரில், எண்ணெய்க் கிணறுகளின் பாதுகாப்புக் கருவிகளோடு என் பிழைப்பு. இன்னொன்று, அங்கே போய்ப் பிடித்துக்கொண்ட பைத்தியம்: கடலுக்குள் மூழ்குவது. இந்த இரண்டும் சந்தித்த இடத்தில் நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னித் தீவுகளில் ஸ்காப்பா ஃப்ளோ என்றொரு கடற்பரப்பு. பிடிபட்டிருந்த ஜெர்மன் போர்க்கப்பல்களை 1919-இல் அவற்றின் மாலுமிகளே அங்கே மூழ்கடித்தார்கள். அவற்றில் மூன்று பெரிய கப்பல்கள் இன்னும் ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. பார்க்கக் கொள்ளை ஆசை. ஆனால் நேரம் போதாது.

கணக்கு எளிது. தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றை இழுக்கிறோம் என்று வையுங்கள். 40 மீட்டரில் அழுத்தம் 5 மடங்கு. ஆகவே 100 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் 2,400 லிட்டர், அதாவது 24 நிமிடம். மேலே வருவதற்கும் அதில்தான் மிச்சம் வைக்க வேண்டும். இத்தனையிலும் உடம்பு செலவழிப்பது நிமிடத்துக்குச் சுமார் 1 லிட்டர் பிராணவாயுதான். மீதியெல்லாம் குமிழியாக வீணாய்ப் போகிறது.

விட்ட மூச்சையே சுத்தம் செய்து மறுபடி சுவாசித்தால் என்ன? அதுதான் ரீப்ரீதர். கரியமிலவாயுவைச் சுண்ணாம்புத் துகள் வாங்கிக்கொள்ளும். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்புதான் அதில் முக்கியச் சரக்கு. குறைந்த பிராணவாயுவை மட்டும் சிறு சிலிண்டர் நிரப்பும். 1878-இல் ஹென்றி ஃப்ளூஸ் என்ற ஆங்கிலேயர் இப்படி ஒரு கருவி செய்தார். 1880-இல் வெள்ளம் புகுந்த செவர்ன் சுரங்கத்தில், அதை அணிந்துகொண்டு அலெக்ஸாண்டர் லாம்பர்ட் என்ற மூழ்காளர் இருட்டில் நடந்துபோய்க் கதவை அடைத்தார். இன்றைய கருவியில் மின்னணு உணரிகள் பிராணவாயுவை அளக்கின்றன. சுண்ணாம்பு தாங்கும்வரை சுமார் 3 மணி நேரம் சுவாசிக்கலாம்.

விலை? புதிது பல ஆயிரம் பவுண்டு. பயிற்சி, உணரி மாற்றுதல், ஆபத்துக்கு உதவும் தனிச் சிலிண்டர் எல்லாம் தனிக்கணக்கு. சேமிப்பைத் துடைத்தால் வாங்கலாம் என்று பயிற்சியில் சேர்ந்தேன்.

ஒருநாள் காலை படகில் உட்கார்ந்து, குதிக்குமுன் ஐந்து நிமிடம் கருவியில் சுவாசித்துப் பார்க்கும் சோதனை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுகமாக இருந்தது. திடீரென்று அலாரம் அலறியது. பயிற்சியாளர் பாய்ந்து வந்து என் வாயிலிருந்து குழாயைப் பிடுங்கினார். நான் பிராணவாயு வால்வைத் திறக்கவே இல்லை. ஆனால் சரிபார்ப்புத் தாளில் "திறந்தாயிற்று" என்று குறி போட்டிருந்தேன். கை குறி போட்டது, வால்வைத் தொடவில்லை.

எனக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை? மூச்சு முட்டும் உணர்வைத் தருவது பெரும்பாலும் கரியமிலவாயு. அதைத்தான் சுண்ணாம்பு எடுத்துவிடுகிறதே! சாதாரண சிலிண்டர் தீர்ந்தால் இழுக்க மூச்சு வராது, உடனே தெரிந்துவிடும். இதிலோ மூச்சு இதமாக வரும்; அதில் பிராணவாயுதான் இருக்காது. தண்ணீருக்குள் மயங்கினால் அவ்வளவுதான்.

"மூன்று உணரி இருக்கிறதே, பெரும்பான்மை முடிவு சரியாகத்தானே இருக்கும்?" என்று என் தொழில் புத்தி வாதாடியது. மூன்றில் இரண்டு என்பதை இந்தக் கல்லூரியில்தான் படித்தோம். ஆனால் மூன்றும் ஒரே சமயத்தில் வாங்கி, ஒரே ஈரத்தில் ஊறி, ஒன்றாகக் கிழடு தட்டியவையாக இருந்தால்? ஒரே சீனியரின் லேப் ரெக்கார்டைப் பார்த்து மூன்று பேர் எழுதிய கதைதான். மூன்று விடையும் ஒன்றுபோல இருக்கும். சரி என்பதற்கு அது சாட்சி ஆகுமா? (சிரிப்பவர்கள் யாரென்று எனக்குத் தெரியும்!)

ஆண்ட்ரூ ஃபாக் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். 1998 முதல் 2010 வரை பொழுதுபோக்கு மூழ்குவோரில் ரீப்ரீதருடன் இறந்தவர்கள் என 181 பேரைக் கணக்கிட்டார். சாதாரண சிலிண்டரைவிட ஆபத்து 4 முதல் 10 மடங்கு என்பது அவர் மதிப்பீடு. கருவி மோசம் என்பதல்ல இதன் பொருள். விலையுயர்ந்த ஹீலியம் கலவையோடு மிக ஆழத்தில் அடிக்கடி இறங்குகிறவர்களுக்கு, அது மிச்சப்படுத்தும் வாயுவும் நேரமும் பெரிது. அவர்களுக்குப் பழக்கமும் விடாமல் இருக்கும். நானோ வருஷத்துக்குப் பதினைந்து முறை மூழ்குகிறவன். மறந்துபோகத் தாராளமான இடைவெளி.

பவுண்டு கணக்கில் என்னால் வாங்க முடியும். ஒவ்வொரு காலையும் பொய்க்குறி போடாமல் இருக்கும் கவனத்தை என்னால் தர முடியுமா? அந்த விலைக்கு என்னிடம் அன்று காசு இல்லை. வாங்கவில்லை. இரட்டைச் சிலிண்டரோடு, கிடைத்த நிமிடங்களுக்குக் கப்பலைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

தம்பி தங்கையரே, நாளைக்கு நீங்கள் கையெழுத்துப் போடும் சரிபார்ப்புத் தாளை நம்பி வேறொருவர் மூச்சு விடுவார். முதலில் வால்வைத் தொடுங்கள். பிறகு பேனாவை எடுங்கள்.