எங்கள் மூத்தம்மா



பாட்டியைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். சாய்ந்தமருதிலே உம்மாவைப் பெற்றவரை நாங்கள் மூத்தம்மா என்றே அழைப்போம். அந்தப் பெயராலேயே பேசுகிறோம்.

மூத்தம்மாவுக்குப் பிள்ளைகள் ஒன்பது பேர். அவர்களுள் பெண்மக்கள் நால்வர். இக்கரையோரத்து வழமை தங்களுக்குத் தெரியாததன்று. தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் இங்கே குடி தாய்வழியாகவே வருகிறது. சுவாமி விபுலானந்தர் பிறந்த காரைதீவிலும், அயலூராகிய எங்கள் ஊரிலும் வீடு பெண்ணுக்கே உரியது. மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து சேருகிறவர். தூரத்து நண்பர்கள் இதனைக் கேட்டு வியப்பார்கள். ஆனால் அந்த வீட்டைக் கட்டுகிறவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

மூத்த மகளுக்குக் கலியாணம் ஆனதும், தம் தாயிடமிருந்து பெற்ற கல்வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளோடு அதே வளவின் பின்புறத்திலே ஒரு கிடுகுக் குடிலில் குடியேறினார் மூத்தம்மா. குடில் இருந்த இடத்தில் இரண்டாவது வீடு எழும்பியது. அது இரண்டாம் மகளுக்கு. மீண்டும் குடில், மீண்டும் வீடு, இப்படியே நான்கு. கணவருக்குக் கரைவலைத் தொழில். மாரியிலே கடல் கொந்தளித்தால் வருமானம் நின்றுவிடும். அப்பொழுது மூத்தம்மா இரவிரவாகக் கிடுகு பின்னி விற்பார். சோறாக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை முட்டியிலே போட்டு வைப்பார். முட்டி நிறைந்தால் அதுவும் செங்கல்லாகும்.

கோபம் இல்லாதவர் என்று சொன்னால் பொய்யாகும். அவருடைய ஈர்க்கில் அடியை வாங்காத பேரர் எங்களுள் இல்லை. எழுத்தறியார், ஆயினும் 1957ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிந்தியவள், 1978ஆம் ஆண்டுச் சூறாவளிக்கு முந்தியவன் என்று ஒவ்வொருவர் வயதையும் பிசகின்றிச் சொல்வார். பெருநாளன்று சகனைச் சுற்றி நாங்கள் அமர்ந்தால், மீன் தலைக்காகச் சண்டை மூளுமுன் அதைப் பிய்த்துப் பங்கிட்டுவிடுவார்; தமக்குப் புளியாணமும் சோறும் போதும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் எழுந்து வந்தது. கடற்பக்கத்து வீடுகள் இரண்டும் அத்திவாரத்தோடு போயின. எங்களுள் இருவரும் போயினர். அதைப் பற்றி இங்கே அதிகம் பேச எங்களால் இயலாது.

மறு ஆண்டு, கிழக்கிலே கரையிலிருந்து இருநூறு மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசு அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டதெனினும், அதற்குள் வேறிடத்தில் வீடு தருவதற்கான படிவங்கள் வந்துவிட்டன. குடும்பத் தலைவர் பெயர் கேட்டார்கள். மருமக்கள் பெயரை எழுதினார்கள். எண்பது கடந்த மூத்தம்மா எங்களை அழைத்து, “வீடு பொம்புளப் புள்ளைக்கு இல்லாட்டி, நாளைக்கு ஒண்டு நடந்தா அவ எங்க மனே போவா?” என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை. மருமக்கள் இருவரையும் முன்னே இருத்தி, மனைவியர் பெயருக்கு எழுதித் தருவதாக வாக்கு வாங்கினார்.

2009ஆம் ஆண்டு, இளைய மகள் வீட்டிலே அவர் மௌத்தானார். நான்கு வீடு கொடுத்தவர் பெயரிலே ஒரு சாண் நிலமும் இருக்கவில்லை. மருமக்களுள் ஒருவர் சொன்னபடி எழுதிக் கொடுத்துவிட்டார். மற்ற உறுதி இன்னும் எழுதப்படவில்லை. அதைக் கேட்டு வாங்கும் வேலை இப்பொழுது பேரர்களாகிய எங்களிடம் வந்திருக்கிறது.