காலி பஸ்ஸும் 40 கிலோ பிள்ளையும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"டெக்னிக்கலா ஏதாவது பேசுப்பா, ஆனா பசங்க தூங்கக் கூடாது" என்று சங்கச் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இந்த இரண்டும் சேர்ந்து நடப்பது கொஞ்சம் கஷ்டம்தான். எனவே எனக்கு மிகவும் பிடித்த ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். மலைப் பாதையில் ஓட்டும் சைக்கிள், அதன் முன் ஃபோர்க்கில் இருக்கும் சஸ்பென்ஷன், அதை எடை குறைந்த ஒருவருக்கு ஏற்றபடி அமைப்பது எப்படி என்பதுதான் அது. மெக்கானிக்கல் பிரிவுக்காரர்கள் நிமிர்ந்து உட்காரலாம். மற்றவர்களுக்கும் கடைசியில் ஒரு செய்தி வைத்திருக்கிறேன்.

நான் வேலை நிமித்தமாக அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் இருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் பள்ளிப் பிள்ளைகளின் மலைச் சைக்கிள் அணி ஒன்றுக்குத் தொண்டராகப் போகிறேன். பயிற்சியாளர் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே நான் ஸ்பேனர் பிடிக்கிற ஆள்.

இந்த விளையாட்டின் பூர்வீகத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்ட்டியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலை மேல் ஏற்றி, மண் பாதையில் தலைதெறிக்க இறங்கினார்கள். 1976இல் அது போட்டியாகவே ஆயிற்று. அதற்கு 'ரீபேக்' என்று பெயர். இறக்கத்தில் பின் ஹப்பில் இருக்கும் பிரேக் சூடேறி கிரீஸ் எரிந்துபோகும். கீழே வந்ததும் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர். அன்று சஸ்பென்ஷன் என்றால் அவரவர் முழங்கையும் முழங்காலும்தான். 1989இல் பால் டர்னர், ஸ்டீவ் சைமன்ஸ் இருவரும் ராக்ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த ஃபோர்க் சுமார் 2 அங்குலம்தான் அமுங்கும். 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில், இறக்கப் பந்தயத்தை கிரெக் ஹெர்போல்ட் அதை மாட்டித்தான் வென்றார்.

இன்றைய ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றுக்கு இடது காலுக்குள் காற்று, வலது காலுக்குள் எண்ணெய். காற்றுதான் ஸ்பிரிங். எண்ணெய் சிறு துவாரங்கள் வழியே ஓடி வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. நம் பாடப் புத்தகத்தில் ஒரு நிறை, ஒரு ஸ்பிரிங், ஒரு டேம்பர் என்று படம் போட்டிருப்பார்களே, அதேதான்.

இப்போது எடைக்கு வருவோம். நம் ஊர் பஸ்ஸில் எல்லோரும் போயிருப்பீர்கள். ஆள் நிறைந்த பஸ் பள்ளத்தில் இறங்கினால் மெத்தென்று இருக்கும். அதே பஸ் ராத்திரி கடைசி டிரிப்பில் காலியாகப் போகும்போது பின் சீட்டில் உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். பட்டை ஸ்பிரிங் முழுச் சுமைக்காகச் செய்தது. சுமை இல்லாவிட்டால் அது வளையவே மறுக்கிறது. பெரியவர்களின் எடைக்கு அமைத்த ஃபோர்க்கில் 40 கிலோ பிள்ளை ஏறினால், அது காலி பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்த மாதிரிதான்.

எங்கள் அணியில் 13 வயதுப் பெண் ஒருத்தி. ஹெல்மெட், தண்ணீர்ப் பையோடு சேர்த்து 40 கிலோ. ஏற்றத்தில் பையன்களை முந்துவாள். இறக்கத்தில் மட்டும் கடைசி. மணிக்கட்டு வலிக்கிறது, கல் வந்தால் சைக்கிள் பாதையை விட்டு எகிறுகிறது என்பாள். "கைக்குத் தெம்பு வரணும், வளர்ந்தா சரியாப் போயிடும்" என்று பெரியவர்கள் சமாதானம் சொன்னார்கள். அவளோ அந்தப் பருவத்தோடு விட்டுவிடலாம் என்ற முடிவுக்கே வந்திருந்தாள்.

சைக்கிளை வாங்கிப் பார்த்தேன். 120 மில்லிமீட்டர் அமுங்கக் கூடிய ஃபோர்க். காலில் ஒரு ரப்பர் ஓ-ரிங் இருக்கும். ஃபோர்க் எவ்வளவு அமுங்கியதோ அந்த இடத்தில் அது நின்றுவிடும். கரடான ஒரு இறக்கத்தை முடித்து வந்தபோது ஓ-ரிங் 55 மில்லிமீட்டரில் நின்றது. அதாவது பாதி ஃபோர்க் வெறும் அலங்காரம். விற்ற கடையில் அடித்த 80 பவுண்டு காற்று அப்படியே இருந்தது. ஒரு பெரிய மனுஷனுக்கு அது பொருத்தமாக இருந்திருக்கும்.

என்ன செய்தோம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, காற்று. இதற்கு டயர் பம்ப் உதவாது. கொஞ்சம் காற்றை அதிக அழுத்தத்தில், அளந்து ஏற்றுகிற தனி பம்ப் வேண்டும். ஓட்டுகிறவர் முழு உடையோடு பெடல் மேல் நிற்க வேண்டும். அந்த எடைக்கே ஃபோர்க் அமுங்கும் அளவை 'சேக்' என்பார்கள். மொத்த அசைவில் 15 முதல் 20 சதவீதம் இருக்கலாம். 120க்கு 20 சதவீதம் என்றால் 24 மில்லிமீட்டர். அவளுக்கு அது 42 பவுண்டில் கிடைத்தது. ஒவ்வொரு தடவை காற்றை மாற்றியதும் ஃபோர்க்கைப் பத்துத் தடவை மெதுவாக அமுக்கிவிட வேண்டும். உள்ளே இரண்டு காற்றறைகள் உண்டு. அவை சமமானால்தான் அளவு நம்பும்படி இருக்கும். டயர்க் காற்றையும் எடைக்குத் தக்கபடி குறைத்தோம். முதல் சஸ்பென்ஷன் டயர்தானே!

இரண்டாவது, ரீபவுண்டு. அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகத்தில் திரும்ப எழ வேண்டும் என்பதை அடியில் உள்ள திருகு தீர்மானிக்கிறது. இங்கேதான் நம் பாடம் வேலைக்கு வருகிறது. டேம்பிங் விகிதம் என்பது டேம்பிங் கெழுவை, ஸ்பிரிங் விறைப்பையும் நிறையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அதன் இரு மடங்கால் வகுத்தால் வருவது. 80 கிலோ ஆளுக்குப் பதில் 40 கிலோ பிள்ளை. நிறை பாதி. சேக் அதே அளவில் இருக்க வேண்டுமானால் விறைப்பும் ஏறக்குறைய பாதி. அப்படியானால் வர்க்கமூலமும் பாதி. எண்ணெயின் தடையையும் பாதியாக்காவிட்டால் டேம்பிங் விகிதம் இரட்டிப்பாகிவிடும். ஃபோர்க் முதல் கல்லில் அமுங்கி, எழுவதற்குள் அடுத்த கல் வந்துவிடும். நாலு கல் தாண்டுவதற்குள் அது கீழேயே தங்கி இரும்புக் கம்பி மாதிரி ஆகிவிடும். மணிக்கட்டு வலிக்காமல் என்ன செய்யும்?

அந்தத் திருகை முழுவதும் திறந்துவிட்டோம். அப்போதும் மந்தமாகத்தான் எழுந்தது. திருகு அதற்கு மேல் திரும்பாது. அவள் எடைக்குத் தேவையான இடம், திருகு நிற்கிற இடத்துக்கும் அப்பால் இருந்தது.

மூன்றாவது, எண்ணெய். தயாரிப்பாளரின் சர்வீஸ் புத்தகம் அனுமதிக்கும் எல்லைக்குள் மெல்லிய எண்ணெய்க்கு மாறினோம். தம்பிகளே, டப்பாவில் எழுதியிருக்கும் எடை எண்ணை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 5, இன்னொரு கம்பெனியின் 7க்குச் சமமாக இருக்கலாம். 40 டிகிரி செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் என்று பாருங்கள். குளிர் காலையில் எண்ணெய் இன்னும் கெட்டியாகும் என்பதையும் மறக்கக் கூடாது.

நான்காவது, உராய்வு. ஆயில் சீலும் புஷ்ஷும் தரும் உராய்வு, ஏறி உட்காருவது யார் என்று பார்ப்பதில்லை. பேச்சுக்கு ஒரு கணக்கு. முன் சக்கரத்தில் 30 கிலோ விழும் ஆளுக்கு உராய்வு 3 கிலோ என்றால் பத்தில் ஒரு பங்கு, அவருக்கு அது தெரியவே தெரியாது. 15 கிலோ மட்டும் விழும் பிள்ளைக்கு அதே 3 கிலோ ஐந்தில் ஒரு பங்கு. சின்னக் கற்களுக்கு ஃபோர்க் அசையவே அசையாது. ஆகவே எடை குறைந்தவர்களின் ஃபோர்க்குக்குத்தான் அடிக்கடி சர்வீஸ் தேவை. கீழ்க் கால்களைக் கழற்றித் துடைத்து, சீலுக்குப் புது கிரீஸ் தடவி, புது எண்ணெய் விட்டோம். பெரிய செலவில்லை, ஒரு மாலை நேர வேலை.

ஐந்தாவது, காற்றறைக்குள் போட்டிருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள். அறையின் கொள்ளளவு குறைந்தால் அமுங்க அமுங்க அழுத்தம் வேகமாக ஏறும். பாயில் விதிதான். கனமானவர் ஃபோர்க்கை அடித்தட்ட விடாமல் காப்பதற்கு அவை. அவளுடையதில் இரண்டு இருந்தன. இரண்டையும் எடுத்துவிட்டோம். கவனம்! காற்றை முழுவதும் இறக்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடி முகத்தைத் தேடி வரும்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவில்லை. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், அதே பாதை, நோட்டில் குறிப்பு. மூன்று வார இறுதிகள் ஆயின. கடைசியில் அதே இறக்கத்தில் ஓ-ரிங் 104 மில்லிமீட்டரைக் காட்டியது. அந்தப் பருவத்தில் அவள் கோப்பை ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் இறக்கத்தில் பிரேக்கை விட்டு ஓட்ட ஆரம்பித்தாள். அடுத்த வருஷமும் பெயர் கொடுத்தாள். மூன்று வாரத்தில் அவள் கைக்குத் தெம்பு ஒன்றும் கூடிவிடவில்லை!

மற்ற பிரிவினருக்குச் சொன்ன செய்தி இதுதான். 1950இல் அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரி 4,063 விமானிகளின் உடல் அளவுகளை ஆராய்ந்தார். விமானி அறையை 'சராசரி' விமானிக்காக அமைப்பது அக்கால வழக்கம். அவர் எடுத்துக்கொண்ட 10 அளவுகளிலும் சராசரியாக இருந்தவர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. விமானி அறையை ஆளுக்குத் தக்கபடி மாற்றி அமைக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகு வலுப்பட்டது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் இருக்கை செய்வீர்கள், இயந்திரம் செய்வீர்கள், சாஃப்ட்வேர் எழுதுவீர்கள். உங்கள் திருகு எந்த இடத்தில் நின்றுவிடுகிறது, அந்த இடத்துக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்று வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை விசாரியுங்கள். ஒருவர் "எனக்கு இது சரிப்படவில்லை" என்றால், அவருக்குத் தெம்பு போதாது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் ஒரு அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். அளக்கும் பழக்கத்தை எனக்குத் தந்தது இந்தக் கல்லூரியின் ஒர்க்ஷாப்தான்.