மலையைப் பற்றிப் பேசுகிறவர்கள்



வேலூரிலிருந்து அமிர்திக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் உயிரினப் பூங்காவையும் அருவியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மேலே ஜவ்வாது மலையில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பது அவர்கள் கணக்கில் வராது. நினைவுரையை இங்கே வைத்த நண்பர்களுக்கு நன்றி. சென்னை அரங்கம் என்றால் நாம் மட்டுமே நமக்குள் பேசிக்கொண்டிருப்போம்.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் மலையாளிப் பழங்குடியினர். அன்றே அவர்களுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது: கடத்தல்காரர்கள். கூலிக்கு மரம் வெட்டுகிறவன் கடத்தல்காரன் என்றால், அதைத் துறைமுகம் வரை கொண்டுபோய்க் கப்பல் ஏற்றுகிறவனுக்கு என்ன பெயர்? முற்போக்குத் தரப்பு 'அப்பாவிகள்' என்றது. எனக்கு அந்தச் சொல்லும் பிடிக்கவில்லை. அப்பாவிக்காக அடுத்தவர்தான் பேச வேண்டியிருக்கும். ஆனால் அங்கே நடந்தது வேறு. போலி மோதல் என்று சொல்லி, இறந்தவர்களில் ஆறு பேரின் குடும்பங்கள் இறுதிச் சடங்கை நிறுத்தின, நீதிமன்றம் போயின. ஹைதராபாத் உயர் நீதிமன்றம் மறு உடற்கூறாய்வுக்கு உத்தரவிட்டது. வீட்டில் பிணம் விழுந்த நேரத்தில் அரசை எதிர்த்து நிற்க யாரும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை.

2016 செப்டம்பரில் ஹிலாரி கிளிண்டன், டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப் பேரை இழிவானவர்கள் என்று ஒரே கூடையில் போட்டார். அவர்கள் அந்தச் சொல்லையே சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கோபத்துக்குள் நிறவெறியும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் படித்தவர்களின் ஏளனத்துக்குப் பதில் சொல்ல அவர்களிடம் வாக்கு எண்ணிக்கை இருந்தது.

மலையில் அது இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 1.1 சதவீதம். 234 சட்டமன்றத் தொகுதிகளில் ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டு மட்டுமே அவர்களுக்கு ஒதுக்கப்பட்டவை. ஜவ்வாது மலையோ வேலூர், திருவண்ணாமலை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. அதன் வாக்குகள் சமவெளி வாக்குகளில் கரைந்துபோகின்றன. வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் இங்கே பட்டா வழங்குவது நின்றது. 2016 வரை அது நீங்கவில்லை. இத்தனை ஆண்டுகள் எத்தனை தலையங்கம் படித்தீர்கள்?

2024இல் புலியூர் ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றபோது முதலமைச்சர் முதல் முகநூல் வரை கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் தனியொருவரின் வெற்றியைக் கொண்டாடுவதில் மேல்தட்டுக்குச் செலவே கிடையாது. பட்டா கொடுத்தால் செலவு உண்டு, வனத்துறையின் அதிகாரம் குறையும்.

இலக்கிய அரங்கங்களுக்கும் இது பொருந்தும். சேரியைப் பற்றி நமக்காக மற்றவர்கள் எழுதியதை நாம் ஏற்கவில்லை. 'எங்கள் கதையை நாங்கள் சொல்கிறோம்' என்று சண்டை போட்டுத்தான் தலித் இலக்கியம் வந்தது. அப்படியானால் மலையாளிகளை விழா மேடையில் ஆடக் கூப்பிட்டுவிட்டு, கருத்தரங்கில் அவர்களைப் பற்றி நாம் கட்டுரை படிப்பதை என்னவென்று சொல்வது? சமூகவியல் படித்தவள் என்பதால் இந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான்.

மலையிலிருந்து வந்திருக்கிறவர்கள் மாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். கேள்வி நேரத்தில் முதலில் அவர்கள் பேசட்டும். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள்.